சிம்னிகள் மட்டும் நின்றன: ஆல்டடீனா தீக்குப் பிறகு எதை எடுத்து வைத்தார்கள்?

காட்டுத்தீ கடந்துபோன கலிபோர்னியத் தெருவின் படம் எதைப் பார்த்தாலும், சாம்பலாகிக் கிடக்கும் மனைகளுக்கு நடுவே செங்கல் சிம்னிகள் மட்டும் ஆங்காங்கே நிற்கும். நம் ஊரில் வீடு எரிந்தால் கூரை போகும், கதவு ஜன்னல் போகும், சுவர் கறுத்துப் போய் நிற்கும். அங்கே சுவரே மிஞ்சாது. 1933ல் லாங் பீச் நிலநடுக்கம் வந்த பிறகு, கம்பி கட்டாத செங்கல் கட்டடமே கூடாது என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பும் சாதாரணக் குடும்பத்து வீடு என்றால் பெரும்பாலும் மரச்சட்டம்தான். உள்ளே மரம், வெளியே பூச்சு. தீ வந்தால் மொத்தமும் போய்விடும். மிஞ்சுவது கூடத்தில் குளிர்காயத் தீ மூட்டும் செங்கல் கணப்பும், அதன்மேல் எழும் புகைபோக்கியும்தான். அந்த வீட்டில் நெருப்பைத் தாங்குவதற்கென்றே கட்டியது அது ஒன்றுதானே.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், குறிப்பாக மலையடிவார ஊரான ஆல்டடீனாவில், ஆயிரக்கணக்கான சிம்னிகள் இப்படி நின்றன. சில மாதங்களில் அநேகமாக எல்லாவற்றையும் இடித்து அள்ளிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ஊர்க்காரர்கள் சிலர் எதை மீட்டார்கள், எப்படி மீட்டார்கள், அதை ஊருக்கான நினைவுச் சின்னம் என்று சொல்ல முடியுமா என்பதுதான் இந்த ஆய்வு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேரழிவுக்குப் பிறகு எது மிஞ்சும் என்பதை அதன் அழகோ வரலாற்று மதிப்போ தீர்மானிப்பதில்லை. இடிபாடு அள்ளும் கால அட்டவணைதான் தீர்மானிக்கிறது. கணப்பு முகப்பின் டைல் போல, அட்டவணைக்குள் அடங்கும் சின்னப் பொருள் பிழைத்தது. அடங்காத பெரிய பொருள் பெரும்பாலும் போய்விட்டது.

அந்த இரவு

ஜனவரி 7ஆம் தேதி மாலை ஆறேகால் மணி வாக்கில் ஈட்டன் கேன்யன் என்ற மலைப் பள்ளத்தாக்கில் தீ பிடித்தது. எட்டு மாதமாக அந்தப் பகுதியில் உருப்படியான மழை கிடையாது. உள்நாட்டுப் பாலைவனப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட சாண்டா ஆனா காற்று அன்று புயல் வேகத்தில் அடித்தது. தண்ணீர் ஊற்றும் விமானங்களை அந்த இரவில் பறக்கவிட முடியவில்லை. அடிவாரத்தில் இருக்கும் ஆல்டடீனா விடிவதற்குள் பற்றிக்கொண்டது. ஈட்டன் தீயில் 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, 19 பேர் இறந்தார்கள். அதே நாள் காலையில் மறுகோடியில், கடலோரத்தில் தொடங்கிய பாலிசேட்ஸ் தீ 6,800க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்து 12 உயிர்களைப் பறித்தது. ஈட்டன் தீக்கு உயர் அழுத்த மின்கம்பிதான் காரணமா என்ற கேள்வி வழக்குகளாக நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அமெரிக்க அரசே மின் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறது.

ஆல்டடீனாவின் அமைப்பை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நகராட்சி இல்லாத ஊர். சுமார் 42,000 பேர் வாழ்ந்தாலும் சொந்தமாக மேயரோ அதிகாரமுள்ள மன்றமோ கிடையாது. எல்லாவற்றுக்கும் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்தைத்தான் பார்க்க வேண்டும். லேக் அவென்யூ என்ற சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பக்கத்து நகரமான பாசடீனாவில் நெடுஞ்சாலைக்காக வீடு இழந்தவர்கள், வேறு எங்கும் வீடு வாங்கக் கடன் கிடைக்காதவர்கள் என்று பல கறுப்பினக் குடும்பங்கள் 1960, 70களில் மேற்கு ஆல்டடீனாவுக்கு வந்து வேரூன்றின. அங்கே அவர்களில் முக்கால் பங்குக்கு மேல் சொந்த வீட்டுக்காரர்கள். அமெரிக்காவில் இது அபூர்வம். தீ வந்த இரவில் மேற்குப் பகுதிக்கு வெளியேறச் சொல்லும் உத்தரவு போனது கிழக்குப் பகுதிக்குப் பல மணி நேரம் கழித்து, நள்ளிரவும் தாண்டிய பிறகு. இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்கள். நினைவுச் சின்னம் என்று யார் பேசினாலும் இந்தக் கணக்கை மறந்துவிட்டுப் பேச முடியாது.

அழிந்த கட்டடங்களில் பெயர்பெற்றவையும் இருந்தன. வரைபட நிறுவனமான ராண்ட் மெக்நாலியின் பங்குதாரர் ஆண்ட்ரூ மெக்நாலி 1887ல் கட்டிய மாளிகை போனது. நாவலாசிரியர் ஸேன் கிரே வாழ்ந்த 1907ஆம் வருட வீடும் போனது. 1920களில் ஆங்கிலேயக் கிராமத்துச் சாயலில் கட்டி விற்ற ஜேன்ஸ் வீடுகளில் பல எரிந்தன. கிரிகரி ஐன் என்ற கட்டடக் கலைஞர் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நடுத்தரக் குடும்பங்களுக்காக வடிவமைத்த 28 வீடுகளில் பெரும்பாலானவை சாம்பலாயின. தப்பியது சாண்டா ரோசா அவென்யூ. 1880களில் இமயமலை விதையிலிருந்து முளைத்த தேவதாரு மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலை அது. 1920லிருந்து கிறிஸ்துமஸ் காலத்தில் அந்த மரங்களில் விளக்கு ஏற்றும் வழக்கம் உண்டு. எரிந்த ஆண்டின் முடிவிலும் ஏற்றினார்கள்.

சூளை கண்ட டைல்கள்

அந்தக் கணப்புகளின் பழைய டைல்களில் பேர்போனவற்றைச் செய்த எர்னஸ்ட் பாட்செல்டர் அமெரிக்காவின் கிழக்கோரத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். ஓவியமும் வடிவமைப்பும் கற்பிக்கும் வாத்தியாராகப் பாசடீனாவுக்கு வந்தவர். அவர் வேலை பார்த்த கல்லூரிதான் பின்னாளில் கால்டெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. 1909ல் அரோயோ செக்கோ ஓடைக்கரையில் வீடு கட்டி, கொல்லையில் சூளை போட்டு டைல் செய்யத் தொடங்கினார். கைவினைக்கு மதிப்பு கொடுத்த ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் ஆள். மயில், திராட்சைக் கொடி, பாய்மரக் கப்பல், கோட்டை என்று புடைப்பாக வார்த்த உருவங்கள், மண் நிறம். குழிந்த இடங்களில் நிறமேற்றிய களிமண் கரைசலை விட்டு, மேட்டுப் பகுதியைத் துடைத்துவிட்டு, ஒரே தடவை சூளையில் வைப்பார்கள். பளபளப்பு இருக்காது, ஆனால் கைபட்ட தடம் தெரியும். தொழில் பெருகி லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறி, நாடு முழுக்கக் கட்டட நிறுவனங்களுக்கு விற்று, கடைசியில் பெரும் பொருளாதாரச் சரிவில் 1932ல் கம்பெனி மூடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்செல்டர் டைல் பணக்காரர் வீட்டுக்கு மட்டும் போன பொருள் இல்லை. அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கக்கூடிய கணப்புத் தொகுப்பாகவே விற்றார்கள். 1910, 20களில் எழும்பிய, அங்கே 'பங்களா' என்று சொல்லும் சின்ன வீடுகளில்கூட, மொத்த வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆடம்பரம் என்றால் அந்தக் கணப்பின் முகப்பாகத்தான் இருக்கும். குடும்பப் படம் எடுப்பது அதன் முன்னால், கிறிஸ்துமஸ் காலுறை தொங்கவிடுவது அதன்மேல். எங்கோ அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய கலைப்பொருள் என்பதைவிட, வீட்டின் நடுக்கூடம் என்ற நினைவே அதில் அதிகம்.

சுட்ட களிமண்ணுக்கு இன்னொரு வசதி. சூளையில் ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஏற்கெனவே வெந்து வந்தது அது. வீடு எரியும் வெப்பம் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டாது. அதனால் கண்ணாடி உருகி ஓடிய இடத்தில், அலுமினியம் குட்டையாகத் தேங்கிய இடத்தில், கரி அப்பிய டைல்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மற்ற பொருள்களுக்குத்தான் சேதம். 300 டிகிரிக்கு மேல் போனால் சிமென்ட்டுக்குள் இருக்கும் ஈரப் பிணைப்பு விடத் தொடங்கும். 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் படிகம் திடீரென்று விரிந்து விரிசல் விடும். அதற்கும் மேலே 800ஐ ஒட்டிப் போனால் சுண்ணாம்பே சிதையும். ஆக, பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும் சிம்னி, உள்ளே பொடிந்துபோன சாந்தின்மேல் அடுக்கிய செங்கல் குவியலாகவும் இருக்கலாம். நிற்கிறது என்பதால் அது உறுதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இயந்திரம் வருவதற்கு முன்

இடிபாடு அகற்றும் வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மனை மனையாகப் போய், பெயின்ட், எரிவாயு சிலிண்டர், லித்தியம் பேட்டரி போன்ற ஆபத்தான பொருள்களை எடுத்தது. சுமார் ஒரு மாதத்தில் அது முடிந்தது. அப்புறம் ராணுவப் பொறியாளர் படை. வீட்டுக்காரர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் கைக்காசு போடாமலே சாம்பல், அடித்தளம், மேல்மண்ணில் ஆறு அங்குலம் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள். படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 15. பிப்ரவரியில் தொடங்கிய இந்த இரண்டாம் கட்டம் ஆகஸ்டு முடிவதற்குள் அநேகமாக முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய வேலைக்கு இது அசாதாரண வேகம் என்பதை மறுக்க முடியாது. அந்த வேகத்துக்காக ஏங்கிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன என்பதும் உண்மை.

மனையில் இயந்திரம் இறங்கினால் முதலில் சாய்ப்பது சிம்னியைத்தான். காரணம் நியாயமானது: கீழே ஆட்கள் வேலை செய்யும்போது மேலே ஆடிக்கொண்டு நிற்கும் செங்கல் தூணை விட்டுவைக்க முடியாது. 1971 சில்மர் நிலநடுக்கத்திலும் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் சிம்னிகள் எப்படிச் சரிந்தன என்று அந்த ஊருக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் சேவ் தி டைல்ஸ் குழு வருகிறது. ஊர்க்காரர்கள் சிலர் தெருத்தெருவாக நடந்து, நிற்கும் கணப்புகளைப் பார்த்து, எதில் பழைய டைல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 200 வீடுகள் பட்டியலில் வந்தன. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரையும் தேடிப் பிடிப்பது ஒரு பெரும்பாடு. வீடு எரிந்தவர் முகவரியில் இருக்க மாட்டார். ஒருவர் ஹோட்டலில், ஒருவர் வேறு மாநிலத்தில் மகள் வீட்டில். அவரிடம் அனுமதி வாங்கி, இயந்திரம் அந்த மனைக்கு வரும் நாளுக்கு முன்னால் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டணம் கிடையாது. நன்கொடையில் ஓடிய வேலை. டைல் வீட்டுக்காரருடையதே; எடுத்து, கட்டி, பத்திரப்படுத்தி, அவர் திரும்பக் கட்டும்போது கொடுப்பதாக ஏற்பாடு.

வேலையும் சுலபமில்லை. எரிந்த பழைய வீட்டுச் சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈயப் பெயின்டின் எச்சம் இருக்கும். முழு உடை, முகமூடி போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கையாளப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். தளர்ந்த செங்கலுக்குக் கீழே குனிந்து வேலை செய்கிறோம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். முன்பக்கமிருந்து உளியைப் போட்டு நெம்பினால் டைல் உடையும். பின்னாலிருக்கும் செங்கலையும் சாந்தையும் மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, டைலை விடுவிப்பதுதான் அனுபவசாலிகளின் வழி. நூறு வருடம் இறுகிய சாந்து சில கணப்புகளில் கல்லாக இருக்கும். வெந்து பொடிந்த சில கணப்புகளில் கையோடு வந்துவிடும். எடுப்பதற்கு முன்னால் படம் எடுத்து, எந்த டைல் எந்த வரிசையில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை என்றால், பிறகு கையில் இருப்பது வெறும் டைல் குவியல்தான், கணப்பு இல்லை. நல்ல பாட்செல்டர் கணப்புக்குச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலர் விலை உண்டு என்பதால் திருட்டுப் பயமும் கூடவே இருந்தது.

இந்த முயற்சி ஏன் பலித்தது என்று யோசித்தால், அதில் பெரிய நிறுவனத் திட்டமிடல் எதுவும் இல்லை. எடுக்க வேண்டிய பொருள் சின்னது. ஒரு மனையில் வேலை மணிக்கணக்கில் முடியும். உரிமையாளர் ஒருவர்தான், அவரிடம் கேட்டால் போதும். வைப்பதற்குப் பெரிய நிலம் வேண்டாம், கிடங்கு போதும். யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பது முதல் நாளே தெரியும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்திருந்தாலும் வேலை நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முழுச் சிம்னியை நகர்த்தினால்

பாலிசேட்ஸ் பக்கம் வேறொரு கனவு கிளம்பியது. புராஜெக்ட் சிம்னி என்ற பெயரில், பேர்போன கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த வீடுகளின் சிம்னிகளை முழுசாகப் பெயர்த்து, ஓரிடத்தில் கூட்டி நிறுத்தி நினைவிடம் ஆக்கலாம் என்ற யோசனை அது. கற்பனை செய்து பார்த்தால் கண் கலங்கும். வெவ்வேறு காலத்து, வெவ்வேறு பாணிச் சிம்னிகள் ஒரு புல்வெளியில் நிற்க, நடுவே மக்கள் நடந்து போவார்கள். டைல் வேலையைவிட இதற்கு ஊர்ப் பொது நினைவிடம் என்ற தகுதி அதிகம்.

சிக்கலும் அதிகம். பல டன் எடையுள்ள, சாந்து வெந்துபோன செங்கல் தூணைத் தூக்குவதென்றால் முதலில் எஃகுச் சட்டம் போட்டுக் கட்ட வேண்டும், அடியில் அறுக்க வேண்டும், கிரேன் வேண்டும், கனரக லாரி வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் புது அடித்தளமும் நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி வேலையும் வேண்டும். பொறியாளர் கையெழுத்தும் காப்பீடும் இல்லாமல் எந்தப் பூங்கா நிர்வாகமும் ஏற்காது. இவ்வளவையும் இடிபாடு அள்ளும் அட்டவணைக்குள் முடிக்க வேண்டும். வரலாற்றுச் சின்னம் என்ற சட்டப் பாதுகாப்பும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டின் பார்வையில் வீட்டில் பெரும்பகுதி போய்விட்டால் அதன் முழுமை போய்விட்டது. இடத்தை விட்டு நகர்த்தினால் தகுதி இன்னும் குறையும். 1966ஆம் வருடச் சட்டப்படி மத்திய அரசு தன் வேலைகளால் வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஏற்கெனவே எரிந்த தனியார் வீட்டின் ஒற்றைச் சிம்னி அந்தக் கணக்கில் ஏறுவது கஷ்டம்.

பாலிசேட்ஸில் நகர்த்தத் தேவையில்லாத எச்சம் ஒன்றும் உண்டு. 1924ல் ஸ்பானியப் பாணியில் கட்டிய பிசினஸ் பிளாக் கட்டடம். உள்ளெல்லாம் எரிந்து, வளைவுகள் கொண்ட வெளிச்சுவர் மட்டும் நின்றது. நகரம் ஏற்கெனவே வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருந்த கட்டடம் அது. 1980களில் அதை இடித்து வணிக வளாகம் கட்டப் பார்த்தபோது ஊரே எதிர்த்து நிறுத்தியது. ஒரு தடவை ஊர் சண்டை போட்டுக் காத்த சுவர் என்பதால், பேர்பெற்ற கலைஞரின் கைவண்ணம் என்பதைவிட வலுவான காரணம் அதற்கு இருக்கிறது.

முன்னால் நடந்தவை

எரிந்த வீட்டின் ஒரு துண்டை ஊர் நினைவிடம் ஆக்கிய முன்னுதாரணம் கலிபோர்னியாவிலேயே இருக்கிறது. 1906ல் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்தன. நாப் ஹில் மேட்டில் ரயில்வே அதிகாரி ஒருவரின் மாளிகை எரிந்து, வாசலின் பளிங்குத் தூண்கள் மட்டும் நின்றன. அந்த வாசல் வழியே தூரத்தில் இடிந்த நகரம் தெரியும்படி எடுத்த புகைப்படம் புகழ்பெற்றது. 1909ல் அந்த வாசலைக் கழற்றிக் கொண்டுபோய் கோல்டன் கேட் பூங்காவில் சின்ன ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். அதன் பெயர் போர்ட்டல்ஸ் ஆஃப் தி பாஸ்ட். இன்றும் நிற்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு உறுத்தல். நகரத்தின் பெரும்பகுதி எரிந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நினைவாக நிற்பதோ ஒரு பணக்காரர் வீட்டு வாசல். பளிங்கு என்பதால் மிஞ்சியது, அழகு என்பதால் எடுத்தார்கள். சைனாடவுனிலோ தெற்கே தொழிலாளர் விடுதிகளிலோ அப்படி மிஞ்சுவதற்கு என்ன இருந்தது?

ஓக்லண்ட் வேறு வழியில் போனது. 1991 அக்டோபரில் அங்கே மலைச்சரிவில் எரிந்த தீயில் 25 பேர் இறந்தார்கள், சுமார் 3,000 குடியிருப்புகள் போயின. ராக்ரிட்ஜ் ரயில் நிலையத்தில் ஊர் மக்கள் தாங்களே தீட்டிய சுமார் 2,000 டைல்களைக் கொண்டு ஒரு சுவர் எழுப்பினார்கள். போன வீடு, போன பூனை, நன்றி, கோபம் என்று ஒவ்வொருவரும் தோன்றியதைத் தீட்டினார்கள். அதில் எச்சம் என்று எதுவும் இல்லை. எல்லாம் புதிதாகச் செய்தது. அதனாலேயே வாடகை வீட்டுக்காரருக்கும் மாளிகைக்காரருக்கும் ஒரே அளவு டைல் கிடைத்தது. தினமும் ரயில் பிடிக்கப் போகிறவர் கண்ணில் அது படும் என்பது இன்னொரு நல்ல விஷயம்.

ஹவாயில் லஹைனாவின் கதை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. 2023 ஆகஸ்டு 8ஆம் தேதி பிடித்த தீயில் அங்கே 102 பேர் இறந்தார்கள், சுமார் 2,200 கட்டடங்கள் அழிந்தன. மன்னர் காலத்து ஹவாயின் பழைய தலைநகரம் அது. 1962லேயே தேசிய வரலாற்று வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 1859ஆம் வருட நீதிமன்றக் கட்டடத்தில் கூரை போய்ச் சுவர் நின்றது. பாதிரியார் பால்ட்வின் வீட்டின் தடித்த சுவர்களும் நின்றன. அவற்றுக்கு முட்டுக்கொடுத்துக் காத்தார்கள். இடிபாடு அள்ளும் ஆட்களோடு ஹவாய்ப் பண்பாடு தெரிந்த கண்காணிப்பாளர்களும் கூடப் போனார்கள். அந்த நீதிமன்றமே ஒரு மறுபிறவிதான்: 1858ல் சூறைக்காற்றில் விழுந்த கட்டடங்களின் கல்லையும் மரத்தையும் எடுத்துக் கட்டியது. ஆல்டடீனாவில் இல்லாத ஒன்று லஹைனாவில் இருந்தது. சுவர்களில் பல பொதுச் சொத்து. அவற்றைப் பராமரிக்க அறுபது வருடமாக ஒரு மரபுக் காப்பு அறக்கட்டளை இருந்தது. தீ அணைந்த மறுநாளே 'இது எங்கள் பொறுப்பு' என்று சொல்ல ஆள் இருந்தது. 1873ல் நட்ட, இந்தியாவிலிருந்து போன ஆலமரமும் அங்கே கருகித் துளிர்த்தது. மரத்துக்கே முதல் வாரத்தில் தண்ணீர் லாரி வந்தது என்றால், பொறுப்பாள் இருப்பதன் அருமை புரியும்.

யாருடைய வீடு நினைவில் நிற்கும்

டைல் மீட்டதைப் பாராட்டிய கையோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. பாட்செல்டர் முத்திரை இல்லாத கணப்பு என்ன ஆனது? 1950களில் கட்டிய வீட்டின் வெறும் செங்கல் கணப்பு, தாத்தா கையால் பூசிய சிமென்ட் வாசல்படி, பிள்ளைகள் கைப்பதித்த நடைபாதைத் துண்டு. கடன் கிடைக்காத காலத்தில் தாத்தா வாங்கி, மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டில் இவைதான் மிஞ்சும். கலைச் சந்தையில் இதற்கு விலை இல்லை, பாதுகாப்பு வல்லுநர் பட்டியலில் இடமும் இல்லை.

டைல் குழுவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கையில் இருந்த ஆட்களுக்கும் நாட்களுக்கும் அடையாளம் காணச் சுலபமான ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அது எளிய பங்களாக்களிலும் இருந்தது என்பதால், சான் பிரான்சிஸ்கோவின் பளிங்கு வாசலைவிட இது பல மடங்கு நியாயமான தேர்வு. ஆனால் முடிவில் அது இருநூறு தனி நினைவிடங்கள். ஒவ்வொன்றும் ஒரு புது வீட்டுக் கூடத்தில், கதவுக்கு உள்ளே இருக்கும். வழிப்போக்கர் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் காப்பீடு போதாமல் மனையை விற்றுவிட்டால் டைல் அவரோடு ஊரை விட்டே போகும். ஆல்டடீனாவில் பல மனைகள் ஏற்கெனவே முதலீட்டாளர்களின் கைக்கு மாறியிருப்பதால் இது வெறும் ஊகமில்லை.

எனக்கு அந்தத் தனிமையில் தவறு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து கட்டும் குடும்பத்துக்குப் பழைய கணப்பின் முகப்பு கிடைப்பதுதான் முதல் வேலை. பொது நினைவிடம் அதற்குப் பிறகு வரலாம். பூங்காவில் பத்துச் சிம்னி நிறுத்திவிட்டு ஊரில் பழைய குடும்பங்கள் யாருமே இல்லையென்றால், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ஃபுட்ஹில் கேட்டலாக் என்ற அமைப்பு ஆல்டடீனாவின் பழைய வீட்டுப் பாணிகளில் முன்கூட்டியே அனுமதி பெற்ற வரைபடங்களைத் தயாரித்து, வீட்டுக்காரர்களின் செலவையும் காலத்தையும் குறைக்கிறது. செங்கல் மிஞ்சாவிட்டாலும் தெருவின் முகச்சாயல் மிஞ்சும் என்ற கணக்கு அது. இதையும் நினைவுக் காப்பாகத்தான் நான் எண்ணுகிறேன்.

அடுத்த தடவை

அடுத்த தீ வராது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆல்டடீனா அனுபவத்திலிருந்து அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு, எல்லாமே முதல் ஆறு வாரத்துக்குள். ஆபத்தான பொருள் எடுக்க அதிகாரிகள் எப்படியும் மனைக்கு மனை போகிறார்கள். அதே நடையில் நிற்பதையெல்லாம் படம் எடுத்துவிடலாம். அனுமதிப் படிவம் வாங்கும்போதே, எடுத்து வைக்க வேண்டியது ஏதும் உண்டா என்று வீட்டுக்காரரைக் கேட்டு எழுதிக்கொண்டால், பிறகு இருநூறு பேரைத் தொலைபேசியில் தேடி அலைய வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் பயிற்சியும் உடையும் தன்னார்வக் கொத்தனார்களுக்குக் கவுண்டியே கொடுக்கலாம். சிம்னியைச் சாய்ப்பதைத் தவிர்க்க முடியாதென்றால், சாய்த்த செங்கலில் மனைக்கு ஒன்று வீதம் முகவரி எழுதி ஒதுக்கி வைக்க அரை நிமிடம் ஆகும். அதற்கு டைல் முத்திரை தேவையில்லை, கட்டடக் கலைஞரின் பெயரும் தேவையில்லை. ஆயிரக்கணக்கான செங்கல் என்பது ஒரு நல்ல நீளமான சுவர். எரிந்த எல்லா வீட்டுக்கும் அதில் ஒரே அளவு இடம் கிடைத்திருக்கும். ஆல்டடீனாவில் அதற்கான நேரம் 2025 ஆகஸ்டோடு போய்விட்டது.